பெரியவன் வண்டி

படிக்கட்டின் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் மாட்டிக்கொண்டது. முன்னால் இறங்கிய ஆம்புலன்ஸ் டிரைவர் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். தலைமாட்டைப் பிடித்திருந்த சின்னவனுக்கு ஏறவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை. கைப்பிடிக் கம்பி விலாவில் குத்தியது.

"கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. அப்படியே இந்தப் பக்கமா சாய்ங்க."

"சாய்ச்சா விழுந்துடுவாருங்க."

"பெல்ட் போட்டிருக்கேன். எங்க விழப்போறாரு."

சாய்த்தார்கள். ஸ்ட்ரெச்சரின் இரும்புக் கால் சுவரில் ஒரு நீளக் கோடு இழுத்ததுதான் மிச்சம். போர்த்தியிருந்த துணி நழுவி அப்பாவின் முகம் வெளியே வந்தது. நேற்றுக் காலை, பெரியவனைப் பார்க்கப் போகிறோம் என்று கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தடவை சவரம் செய்துகொண்ட முகம்.

லாட்ஜ் மேனேஜர் கீழிருந்து கழுத்தை நீட்டினார். "சார், தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் சீக்கிரம்... எல்லாரும் சாப்பிட இறங்கி வர்ற நேரம்."

"படி கட்டும்போதே யோசிச்சிருக்கணும் நீங்க," என்றார் டிரைவர். "ஒரு நாற்காலி கொண்டாங்க. உக்கார வச்சு எறக்கிடலாம்."

சின்னவன் லிஃப்ட் மெக்கானிக். அவன் ஊரில் எந்தக் கட்டடத்தில் எவர் மாட்டிக்கொண்டாலும் அவனுக்குத்தான் போன் வரும். "பதறாதீங்க, கதவுல சாயாதீங்க, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டுவான். இந்த மூன்று மாடி லாட்ஜில் லிஃப்ட் இல்லை.

பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பாவை உட்காரவைத்து, அவருடைய துண்டாலேயே மார்போடு சேர்த்துக் கட்டினார்கள். உடம்பு இன்னும் முழுதாக விறைத்திருக்கவில்லை. விடிந்ததும் எழுப்பப் போனபோதுதான் தெரிந்தது. பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டிய மனிதர். நாற்காலியில் கட்டுண்டு இறங்கும்போதும் வலது பாதம் மட்டும் சற்று முன்னால் நீண்டு, இல்லாத பிரேக்கை மிதித்தபடி இருந்தது.

பின்வாசல் வழியாகக் கொண்டுபோய் ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். டிரைவர் கதவைச் சாத்திவிட்டுக் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார்.

"நீங்க பின்னாடி ஏறிக்குங்க. பாடிகூட ஒருத்தர் இருக்கணும்."

சின்னவன் முற்றத்து மூலையைப் பார்த்தான். அங்கே மோட்டார் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. பின்னிருக்கையில் அப்பா வழிக்கு வைத்துக்கொண்ட தலையணை, கயிறு போட்டுக் கட்டியபடி.

"அதை என்ன பண்றது?"

"இங்கயே விட்டுட்டுப் போங்க. அப்புறமா வந்து எடுத்துக்கலாம்," என்றார் மேனேஜர். உடம்பு வெளியே வந்துவிட்டதால் குரலில் ஒரு தாராளம் வந்திருந்தது.

சின்னவனுக்கும் அதுதான் சரி என்று பட்டது. வீட்டுக்குப் போன் செய்து, எத்தனை மணிக்கு வந்து சேருவோம் என்று சொல்லும்போது அதையும் சொன்னான். மறுபுறத்தில் அத்தையிடமிருந்து போனை அம்மா வாங்கினாள். விடிந்ததிலிருந்து அழுது அழுது அவள் குரல் கரகரத்திருந்தது.

"வண்டியை அங்க விட்டுட்டு வராத."

"அம்மா, நான் அப்பாகூட..."

"ஒருத்தனை அங்க விட்டுட்டு வந்தது போதும். வண்டி வீட்டுக்கு வரணும்."

 அவள் அழுகிறாளா, அவன் பதிலுக்காகக் காத்திருக்கிறாளா என்று தெரியவில்லை. "சரிம்மா," என்றான்.

டிரைவர் கேட்டுக்கொண்டுதான் நின்றார். தலையைச் சொறிந்தார். "ரூல்படி இது தப்பு. என்ன பண்றது, பெத்தவங்க கேக்கறாங்க. ஒண்ணு மட்டும். நீங்க என் கண்ணாடியில தெரிஞ்சுட்டே வரணும். தெரியலன்னா நான் வண்டியை ஓரம் கட்டிடுவேன். பாடியைத் தனியா ஓட்டிட்டுப் போனேன்னு நாளைக்கு எனக்குப் பிரச்சனை வரக்கூடாது."

"தெரிஞ்சுட்டே வரேன்."

கிளம்பும்முன் மனைவிக்கும் பேசினான். அவள் துறைமுக நகரத்து ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். போன வருடம் கிடைத்த வேலை. அங்கே ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். வாரக் கடைசியில் இவன் போவான், இல்லாவிட்டால் அவள் வருவாள்.

"பஸ் ஏறிட்டேன்," என்றாள். பின்னால் ஹார்ன் சத்தம் கேட்டது. பிறகு, "ஏதாவது சாப்டீங்களா?" என்றாள்.

---

அது பெரியவனின் வண்டி. பட்டாளத்தில் சேர்வதற்கு முந்தின வருடம் வாங்கியது. போரில் அவன் இறந்து, போர்முனையிலேயே புதைத்துவிட்டோம் என்று செய்தி வந்தபிறகு, அப்பா அதை விற்கவும் இல்லை, யாரையும் ஓட்டவிடவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் நடைவழியில் வைத்தே ஸ்டார்ட் செய்வார். வீடு முழுக்கப் புகை மண்டும். அம்மா இருமிக்கொண்டே சமைப்பாள். ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சின்னவனுக்கு வேலை கிடைத்தபோது ஒருநாள் சாவியை அவன் கையில் வைத்து, "பாத்து ஓட்டு" என்றார். அன்றிலிருந்து அவன்தான் ஓட்டுகிறான், அவன்தான் ஆயில் மாற்றுகிறான். வீட்டில் இன்றைக்கும் அது பெரியவன் வண்டிதான்.

அப்பா இத்தனை வருடம் அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகவே இல்லை. யாராவது கேட்டால், "போய் என்னத்தைப் பாக்கறது, கல்லையா?" என்று எழுந்து போய்விடுவார். இதயம் பலவீனமாக இருக்கிறது, படி ஏறக்கூடாது, அலையக்கூடாது என்று டாக்டர் சொன்ன மறுவாரம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிக்கொண்டு, "அவனைப் பாத்துட்டு வந்துடலாம்டா," என்றார். ரயிலில் போகலாம் என்றான் சின்னவன்.

"ரயில்ல போறதுக்கு அது என்ன சொந்தக்காரன் வீட்டுக் கல்யாணமா? அவன் வண்டியிலதான் போகணும். போய் அவன் முன்னாடி நிறுத்தணும்."

அம்மா தடுக்கவில்லை. மாத்திரைகளை எடுத்து வைத்தாள்.

பின்னிருக்கையில் ஒரு பஸ் டிரைவரை ஏற்றிக்கொண்டு இரண்டு நாள் வண்டி ஓட்டுவது எப்படி இருக்கும் என்று சின்னவன் அதுவரை யோசித்துப் பார்த்ததில்லை. "ஹார்ன் அடி." "திரும்பியாச்சுல்ல, இன்டிகேட்டரை அணை." "முன்னாடி போறவன் தூங்கறான், ஒதுங்கு." ஒவ்வொரு வளைவிலும் கால்மிதியை அப்பா அழுத்திய அழுத்தில் ரப்பர் முறுக்கிக்கொண்டு போயிருந்தது. ஓர் இடத்தில் பொறுக்க முடியாமல், "பிரேக் இங்க இருக்குப்பா, என் காலுக்குக் கீழ," என்று கத்தினான். "தெரியுது. அதை நீ மிதிக்கறது இல்லயே," என்றார்.

இப்போது பின்னிருக்கை காலி. முன்னால் வெள்ளை ஆம்புலன்ஸின் பின்கதவு. அதன் பக்கக் கண்ணாடியில் டிரைவரின் நெற்றி. எதிரே லாரி வந்தாலும், பாலம் வந்தாலும், அந்தக் கண்ணாடியை விட்டு விலகக்கூடாது. கொஞ்சம் பின்தங்கினால் உடனே ஆம்புலன்ஸின் பின்விளக்கு சிவக்கும். பின்னால் ஆள் இல்லாத வண்டி பள்ளங்களில் துள்ளியது. இரண்டு நாளாக முதுகில் சாய்ந்திருந்த பாரம் இல்லாமல் அவனுக்கு வண்டி ஓட்டவே வரவில்லை.

---

கல்லறைத் தோட்டம் லாட்ஜ் இருந்த ஊருக்கு வெளியே, ஒரு சிமெண்டுக் கிடங்கைத் தாண்டி இருந்தது. இரும்புக் கதவு, அதற்குப் பின்னால் புல்வெளி. புல்லின் மேல் இடுப்பளவுகூட இல்லாத வெள்ளைக் கற்கள். ஒரே உயரம், ஒரே இடைவெளி, கண்ணுக்கெட்டிய தூரம்வரை. வண்டியை உள்ளே விட மாட்டார்கள் என்றதும் அப்பா சண்டை போடுவார் என்று பயந்தான். அவர் போடவில்லை. "ஹெட்லைட் உள்ள பாக்கற மாதிரி நிறுத்து," என்று மட்டும் சொன்னார். நிறுத்தியதும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"டிப்போ மாதிரி இருக்குடா. டியூட்டி முடிஞ்சு எல்லா வண்டியையும் வரிசையா நிறுத்தி வச்ச மாதிரி."

புல் வெட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரர் மெஷினை அணைத்துவிட்டு வந்து, யாரைப் பார்க்க வேண்டும், பெயர் என்ன என்று கேட்டார். "நாங்களே பாத்துக்கறோம்," என்றார் அப்பா. முதல் வரிசையின் முதல் கல்லிலிருந்து தொடங்கினார். ஒவ்வொன்றின் முன்னும் நின்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, வயதை மட்டும் வாசித்தார்.

"இருபத்தொண்ணு."

நகர்ந்தார்.

"பத்தொம்பது. இருபத்திமூணு. இவனும் பத்தொம்பது."

ஸ்டாப் பெயரைக் கூவுகிற கண்டக்டரைப் போல உரக்க ஆரம்பித்தவர், மூன்றாவது வரிசைக்கு வரும்போது முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "எல்லாம் சின்னப் பசங்கடா. ஒருத்தனுக்காவது தலை நரைச்சிருக்கக் கூடாது?"

பெரியவன் அந்த வரிசையின் நடுவில் இருந்தான். பெயர், எண், இருபத்திரண்டு. வேறொன்றும் இல்லை.

சின்னவன் அந்த எண்ணிலிருந்து கண்ணை எடுக்க முடியாமல் நின்றான். அண்ணன் போனபோது இவனுக்குப் பதினேழு. வெளியூரில் படிக்க இடம் கிடைத்து, பெட்டிகூட வாங்கியாகிவிட்டது. அந்தச் செய்தி வந்த வாரத்தில் அம்மா அந்தப் பெட்டியில் பழைய போர்வைகளைப் போட்டு மேலே ஏற்றிவிட்டாள். அதன்பிறகு அவன் எங்கே கிளம்பினாலும் வாசலில் ஒரு கேள்வி நின்றது. இருட்டித் திரும்பினால் அம்மா தெருமுனையில் நிற்பாள். கம்பெனி வெளியூரில் கொடுத்த பெரிய வேலைகளை இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லியிருந்தான். இவ்வளவுக்கும் காரணமானவன் அவன் மனதில் உயரமாக, தடித்த குரலோடு, எப்போதும் தன்னைவிட மூத்தவனாகவே இருந்துவந்தான். அவனைத் திட்டியிருக்கிறான். தப்பித்துப் போனவன் என்று பொறாமைப்பட்டிருக்கிறான். கல்லில் இருந்ததோ, தன்னிடம் வேலை பழக வருகிறவர்களின் வயது. மீசை சரியாக முளைக்காத ஒரு பையன்மேல் இத்தனை காலம் கோபமாக இருந்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. கோபத்தை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"இப்ப நீ அவனைவிடப் பெரியவன்," என்றார் அப்பா, அவன் முகத்தைப் பார்க்காமல்.

தோட்டக்காரர் கொஞ்சம் தள்ளி நின்றார். அப்பா அவரைக் கூப்பிட்டுக் கேட்டார். "மழை பேஞ்சா இங்க தண்ணி நிக்குமா?"

"நிக்காதுங்க. அடியில வடிகால் இருக்கு."

"வெயிலு?"

"வெயில் அடிக்கத்தாங்க செய்யும்."

அப்பா தலையாட்டினார். பக்கத்துக் கல்லுக்கு நகர்ந்தார். அதில் பெயர் இல்லை, வயதும் இல்லை. யாரென்று தெரியாத வீரர் என்று மட்டும் இருந்தது. மகனின் கல்லைவிட அதன் முன்னால்தான் அதிக நேரம் நின்றார். கைக்குட்டையை எடுத்து எச்சிலால் நனைத்து, கல்லின் தலையில் காய்ந்திருந்த பறவை எச்சத்தைச் சுரண்டித் துடைத்தார்.

"இவனோட அப்பன் இன்னும் எங்கயோ வாசலைப் பாத்துட்டு உக்காந்திருப்பான். நமக்காவது ஒரு கல்லு இருக்குடா."

பிறகு அப்படியே புல்லில் உட்கார்ந்தார். சின்னவனும் உட்கார்ந்தான். வெட்டிய புல்லின் வாசனை. தூரத்தில் கிடங்கிலிருந்து லாரி கிளம்பும் சத்தம். அப்பா அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "செகண்ட் கியர்ல எடுக்கறான், முட்டாள்," என்றார். பிறகு கல்லைப் பார்த்தே பேசினார்.

"அன்னிக்கு என் பஸ்லதான் போனான், தெரியுமா உனக்கு? பெட்டியோட ஏறினான். வண்டி ஸ்டார்ட் ஆகல. பேட்டரி எறங்கிப்போச்சு. எல்லாரையும் எறங்கித் தள்ளச் சொன்னேன். அவனும் எறங்கித் தள்ளினான். கண்ணாடியில பாத்தேன். சிரிச்சுட்டே தள்றான்." ஒரு புல்லைப் பிடுங்கினார். "ஸ்டார்ட் ஆகலன்னு விட்டிருக்கலாம்ல. எத்தனை நாள் விட்டிருக்கேன், ஆகலன்னு எழுதிட்டு வீட்டுக்கு வந்திருக்கேன். அன்னிக்குன்னு பாத்து ரோஷம்."

 சின்னவனிடமும் சொல்ல ஒன்று இருந்தது. கம்பெனி மூன்றாவது முறையும் கேட்டிருந்தது. துறைமுக நகரத்தில், மனைவி இருக்கும் ஊரில், வேலை. இந்த முறை சரி என்று சொல்லிவிட்டான். அடுத்த மாதம் சேர வேண்டும். பெரியவனைப் பார்த்துவிட்டு வந்தபிறகு, அப்பாவின் மனம் இளகியிருக்கும்போது, சாயங்காலம் சாப்பிடும் நேரத்தில் சொல்லிவிடலாம் என்று அவளிடம் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தான்.

அப்பா எழ முயன்றார். முடியவில்லை. சின்னவன் அவர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினான். பாதி எழுந்த நிலையில், முழுப் பாரத்தையும் அவன்மேல் போட்டுக்கொண்டு, அப்பா அப்படியே நின்றார். மூச்சு வாங்கியது.

"நீ எங்கயும் போயிட மாட்டியேடா?"

சுற்றிலும் கற்கள். எல்லாம் அவர்களைப் பார்த்தபடி ஒரே பக்கம் திரும்பி நின்றன.

"மாட்டேம்ப்பா," என்றான்.

எழுந்து நின்றபிறகு அப்பா சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். ஒன்றுமே கேட்காதவர் போல அவ்வளவு சாதாரணமாக, "வா, டீ குடிக்கலாம்," என்றார். சின்னவனும் பெரிதாக நினைக்கவில்லை. அந்த இடத்தில் வேறு என்ன சொல்ல முடியும்? ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் பக்குவமாகப் பேசிக்கொள்ளலாம், திரும்பிப்போகும் வழியிலேயே பேசலாம், இரண்டு நாள் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டான். அன்று சாயங்காலம் அப்பா நன்றாகச் சாப்பிட்டார். "இன்னிக்குத்தான்டா கண்ணைச் சுத்திக்கிட்டுத் தூக்கம் வருது," என்றார். படுத்தபின், "ஃபேனைக் கொஞ்சம் குறை," என்றார். அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது.

---

பாதி வழியில் ஆம்புலன்ஸ் டீக்கடையில் நின்றது. டிரைவர் பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, "ஐயா நல்லாருக்காரு," என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "பழக்கதோஷம். மன்னிச்சுக்கங்க."

"பரவாயில்லங்க."

"ஐயா என்ன வேலையில இருந்தாரு?"

"பஸ் டிரைவர்."

டிரைவர் கையிலிருந்த டீயைப் பார்த்தார்.  அதற்குப்பிறகு ஆம்புலன்ஸ் ஒரு பள்ளத்தில்கூட விழவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் நேரத்துக்கு இன்டிகேட்டர் போட்டது, நேரத்துக்கு அணைத்தது.

மதியத்துக்குமேல் சாலை இரண்டாகப் பிரிந்தது. இடதுபக்கம் துறைமுக நகரம் என்று பலகை காட்டியது. நேற்று முன்தினம் வரும்போது இதே இடத்தில் அப்பா, "இப்படியே போனா உம் பொண்டாட்டி ஊருதானே?" என்று கேட்டது ஞாபகம் வந்தது. கேட்டுவிட்டுப் பேசாமல் வந்தார். அவருக்குத் தெரிந்திருக்குமோ?

சின்னவன் கை தானாக வேகத்தைக் குறைத்தது. அவள் இந்நேரம் அங்கே இல்லை, அவன் வீட்டை நோக்கித்தான் வந்துகொண்டிருக்கிறாள் என்று தெரிந்தும், அந்தப் பலகையைக் கடக்க மனம் வரவில்லை. முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆம்புலன்ஸ் ஓரம் கட்டி நின்றது. கண்ணாடியில் டிரைவரின் கண்கள் தேடின. சின்னவன் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, பலகையைக் கடந்து, பழைய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துகொண்டான்.

---

தெருவுக்குள் ஆம்புலன்ஸ் நுழைய இடமில்லை. முனையிலிருந்து ஆட்கள் தூக்கிவந்தார்கள். இரண்டு அறையும் ஒரு நடைவழியும் உள்ள வீட்டில், எதிரும் புதிருமாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவைக் கிடத்தியபின் மற்றவர்கள் நிற்பதற்குச் சுவர்தான் மிச்சம். அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு எழுந்து வாசலுக்கு வந்து வண்டியைப் பார்த்தாள். "உள்ள கொண்டு வந்து நிறுத்து," என்றாள். நடைவழியில் நிறுத்தினான். அதன்பிறகு வந்தவர்கள் எல்லோரும் பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கிக்கொண்டுதான் உள்ளே போனார்கள்.

பின்பக்கக் குழாயடியில் அவன் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது மனைவி துண்டோடு வந்தாள். அழுது முடித்திருந்தாள். மாமனார் அவளிடம் அதிகம் பேசாவிட்டாலும், அவள் வரும் பஸ் எந்த டிரைவர் ஓட்டுகிறார் என்று விசாரித்து வைத்துக்கொள்வார்.

"சொல்லிட்டீங்களா அவர்கிட்ட?"

அவன் குழாயை மூடினான். "இல்ல."

"சரி."

துண்டைக் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் எடுத்தார்கள். ஊர் இடுகாட்டில் இடம் இல்லை. மதில் சுவர் ஓரமாக, இரண்டு பழைய மேடுகளுக்கு நடுவே ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்குத் தோண்டியிருந்தார்கள். இறக்கும்போது ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். மண் போடக் குனிந்தவனுக்கு, காற்றோடிக்கொண்டிருந்த அந்தப் புல்வெளியும், கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் விட்டிருந்த தாராளமான இடமும் கண்முன் வந்தன. அப்பாவை அங்கேயே விட்டிருக்கலாமோ என்று ஒரு கணம் தோன்றியது. "தள்ளிக்கப்பா, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க," என்றார் மாமா.

திரும்பி வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தபோதுதான் அம்மா கேட்டாள். அறையில் அத்தையும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். மனைவி அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டிக்கொண்டு நின்றாள்.

"கடைசியா என்ன சொன்னாரு?"

"ஃபேனைக் குறைக்கச் சொன்னாரும்மா."

அம்மாவின் உதடு கோணியது. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாது. "அவருக்கு எப்பவும் குளிரும்," என்றாள். பிறகு, "அது இல்ல. அங்க. பெரியவன்கிட்ட நின்னப்ப. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும், அங்க வச்சுக் கேட்டாத்தான் எனக்குச் சரியா வரும்னு சொல்லிட்டுப் போனாரு. கேட்டாரா?"

சின்னவன் தரையைப் பார்த்தான். கேட்கவில்லை என்று சொல்லிவிடலாம். இங்கே இருக்கிற யாரும் அங்கே இல்லை. இருந்தவர்கள் பேசப்போவதில்லை.

"கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"வேற என்ன சொல்லுவான்," என்றாள் அத்தை.

யாரோ தொண்டையைச் செருமினார்கள். மனைவியின் கையில் இருந்த டம்ளரில் தண்ணீர் அசையாமல் நின்றது.

"எங்கயும் போக மாட்டேன்னு சொன்னேன்."

அம்மா கண்களை மூடித் திறந்தாள். அவள் தோள்கள் முதல்முறையாகத் தளர்ந்து இறங்கின. "அப்ப நிம்மதியாத்தான் போயிருக்காரு," என்றாள். தண்ணீரை வாங்கி முழுவதும் குடித்தாள். மனைவி காலி டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

அவன் பின்னாலேயே போனான். அவள் கழுவிய டம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"திரும்பி வர்ற வழியில பேசிக்கலாம்னு நினைச்சேன். உயிரோட இருந்திருந்தா பேசியிருப்பேன். இப்ப யார்கிட்டப் போய் என்னன்னு சொல்றது?"

"தெரியலங்க." அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. "நானும் அங்க நின்னிருந்தா அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனா நான் உயிரோட இருக்கேன். எனக்கு அது மட்டும்தான் தெரியுது."

அத்தை உப்பு டப்பாவைத் தேடிக்கொண்டு உள்ளே வந்தாள். இருவரும் வழிவிட்டு ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கினார்கள்.

சாப்பாடு முடிந்ததும் வெளியூர்க்காரர்கள் கிளம்பிப் போனார்கள். மற்றவர்கள் கிடைத்த இடத்தில் சாய்ந்தார்கள். ராத்திரி முழுக்கக் கண்மூடாத அம்மா, சுவரோரமாகக் கால்நீட்டி உட்கார்ந்திருந்த சின்னவன் பக்கத்தில் வந்து, அவன் தொடையில் தலையைச் சாய்த்துப் படுத்தாள். சின்ன வயதில் அவன்தான் அப்படிப் படுப்பான். கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சு சீரானது. ஜன்னல் வெளிச்சம் மெல்ல நகர்ந்து அத்தையின் முழங்காலைத் தொட்டது. சின்னவனின் கால் முதலில் கூசியது, பிறகு மரத்துப்போனது.

உள்ளறையிலிருந்து மனைவி வெளியே வந்தாள். புடவை மாற்றியிருந்தாள். தோளில் பை. நாளைக் காலையில் அவள் பரிசோதனைக்கூடத்தில் இருக்க வேண்டும் என்பதும், சாயங்கால பஸ்ஸை விட்டால் வேறு இல்லை என்பதும் அவனுக்குத் தெரியும். முனைவரையாவது போய் ஏற்றிவிட வேண்டும். கையைத் தரையில் ஊன்றி, மெதுவாகக் காலை உருவப் பார்த்தான். அம்மாவின் தலை லேசாகப் புரண்டது. நிறுத்திக்கொண்டான்.

மனைவி உதட்டில் விரலை வைத்தாள். வேண்டாம் என்று கையை அசைத்தாள். படுத்திருந்தவர்களின் கால்களைத் தாண்டித் தாண்டி வாசலுக்குப் போனாள். நடைவழியில் பக்கவாட்டில் திரும்பி, பையை முதலில் அந்தப் பக்கம் நீட்டிவிட்டுப் பிறகு தானும் கடந்தாள். படியில் நின்று செருப்பின் வாரை மாட்ட நேரம் எடுத்துக்கொண்டாள். நிமிர்ந்தவள் திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள்.

தெருவில் அவள் நடை கேட்டது. முனைக்குப் போய், பிறகு கேட்கவில்லை. சின்னவன் குனிந்து பார்த்தான். அம்மாவின் கண்கள் மூடியிருந்தன. மூடிய இமைகளுக்குள் கருவிழிகள் இப்படியும் அப்படியும் அசைந்தன. அவன் தன் உள்ளங்கையை விரித்து, ஜன்னல் வெயில் அவள் முகத்தில் படாமல் மறைத்துப் பிடித்தான்.